தொண்ணூற்றொன்பது நாள் ஆண்ட சக்கரவர்த்தி

வள்ளுவர் பிணி தீரும் வழியை ஆராய்ந்தவிடத்து மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார். நோயுற்றவர், வைத்தியர், மருந்து, பக்கத்திலிருந்து பேணுவோர் என்னும் இந்நான்கும் ஒருங்கு கூடினாலன்றிப் பிணி நீங்காது என்பது அவர் கருத்து. வைத்தியர் ஒருவராயிருக்கும்வரை இம்முறை எளிது. அவர் ஐவராகவும் அறுவராகவும் பெருகி, ஒவ்வொருவரும் ஒவ்வொரு துறையில் வல்லவராயிருப்பின், ஒருவர் அறிந்ததை மற்றவர் அறியச் செய்வது யார் பொறுப்பு? இவ்வினா இந்நாளில் நம் வீடுகள்தோறும் எழுவதாகும். காய்ச்சலுக்கும் இருமலுக்கும் பல ஆண்டுகளாக நம்மைப் பார்த்துவந்த குடும்ப வைத்தியர் ஒருபுறம் இருக்கிறார். புற்றுநோய் என்ற ஐயம் எழுந்தவுடன் நாம் நாடிச் செல்லும் நிபுணர் பலர் மறுபுறம் இருக்கின்றனர். இவ்விரு திறத்தாருக்கும் இடையே நோயாளி ஒருவரே தூதராக நிற்கின்றார்.

ஏழைக்கு நேரும் இவ்விடர், செல்வமும் அதிகாரமும் உடையார்க்கு நேராது என்று நாம் எண்ணுதல் இயல்பு. அவ்வெண்ணம் பிழை என்பதை ஜர்மனிய சக்கரவர்த்தி மூன்றாம் பிரெடரிக்கின் சரித்திரம் காட்டும். ஐரோப்பாவின் தலைசிறந்த வைத்தியர் பலர் அவர் கட்டிலைச் சூழ்ந்து நின்றனர். ஆயினும் அவர்கள் ஒரு குழுவாக நின்றாரல்லர். அவ்வுத்தமரின் வாழ்க்கையை இக்கட்டுரையில் சுருக்கமாகக் கூற முயல்கின்றோம்.

பிறப்பும் கல்வியும்

பிரெடரிக் 1831-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 18-ஆம் தேதி பாட்ஸ்டம் நகரத்துப் புதிய அரண்மனையில் பிறந்தார். தந்தையார் பிரஷ்ய அரச குலத்து வில்லியம். பின்னாளில் ஜர்மனியின் முதற் சக்கரவர்த்தியானவர். தாயார் வைமார் நாட்டு அரசகுமாரி அகஸ்டா. தந்தையார் படையையே தம் உயிராகக் கொண்டவர். தாயாரோ கலையிலும் கல்வியிலும் தாராளக் கொள்கையிலும் ஈடுபாடு மிக்கவர். இவ்விரு பண்பும் மகனிடத்தே கலந்து நின்றன.

கிரேக்க நாட்டுப் பழமையில் ஆழ்ந்த புலமையுடைய எர்ன்ஸ்ட் கூர்ட்டியஸ் என்பார் இளவரசருக்கு ஆசிரியராக அமர்ந்தார். பின்னர் இளவரசர் பான் நகரத்துப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து சட்டமும் சரித்திரமும் பயின்றார். ஆசிரியர்பாற் கொண்ட அன்பு மாணவரை விட்டு நீங்கவேயில்லை. 1875-இல் கூர்ட்டியஸ் கிரேக்க நாட்டு ஒலிம்பியாவில் அகழ்வாராய்ச்சி தொடங்கியபோது, அம்முயற்சிக்குப் பெருந்துணையாக நின்றவர் அவருடைய பழைய மாணவரே.

இல்லறமும் அரசியலும்

1851-ஆம் ஆண்டு லண்டனில் நிகழ்ந்த பெருங்கண்காட்சிக்குப் பெற்றோருடன் சென்ற இளவரசர், விக்டோரியா மகாராணியாரின் மூத்த புதல்வியைக் கண்டார். அப்பெண்ணும் தாயின் பெயரையே உடையவர். 1858-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் தேதி லண்டனில் அவர்கள் திருமணம் நடைபெற்றது. அரச குலத்துத் திருமணங்கள் பெரும்பாலும் நாடுகளுக்கிடையே எழுதும் உடன்படிக்கைகளேயாம். இத்திருமணமோ அன்பினால் நிகழ்ந்தது. இறுதிவரை அன்பினாலேயே நிலைத்தது. எண்மர் மக்கள் பிறந்தனர். மூத்தவர் பிற்காலத்தில் இரண்டாம் வில்லியம் என்ற பெயருடன் ஆண்டவர்.

கணவன் மனைவி இருவரும், அரசன் சட்டத்திற்கும் மன்றத்திற்கும் கட்டுப்பட்டு ஆளுதல் வேண்டும் என்னும் கொள்கையுடையவர். 1862-இல் பிஸ்மார்க் பிரஷ்யாவின் தலைமை மந்திரியானார். மறு ஆண்டு பத்திரிகைகளின் வாயை அடைக்கும் ஆணை ஒன்று பிறந்தது. அதனை டான்ட்சிக் நகரில் இளவரசர் வெளிப்படையாகவே மறுத்துப் பேசினார். தந்தையின் கோபம் மிகுந்தது; அரசியலில் இளவரசருக்கு இடமில்லாமற் போயிற்று. அன்று முதல் இருபத்தைந்து ஆண்டுகள், ஆளும் தகுதி இருந்தும் ஆளும் வாய்ப்பின்றி அவர் காத்திருந்தார். யூதர்மீது பகைமை மூட்டும் கிளர்ச்சி 1880-ஆம் ஆண்டளவில் ஜர்மனியில் எழுந்தபோது, அது நாட்டிற்கே இழிவு என்று கருதி, அவர்களுடைய வழிபாட்டுக்குத் தாமே சென்று அமர்ந்த பெருந்தன்மை அவருக்கு இருந்தது.

போர்க்களம்

போரை வெறுத்த இளவரசரே போர்க்களத்தில் புகழ் பெற்றது விதியின் விளையாட்டு எனலாம். 1866-இல் ஆஸ்திரியாவுடன் போர் மூண்டது. அப்போரை அவர் விரும்பவில்லை. எனினும் கடமை அழைத்தபோது இரண்டாம் சேனைக்குத் தலைமை பூண்டு புறப்பட்டார். புறப்பட்ட சில நாளில், ஜூன் 18-ஆம் தேதி, இரண்டு வயதும் நிரம்பாத மகன் சிகிஸ்மண்ட் மூளைக்காய்ச்சலால் இறந்தான். தந்தை திரும்பிச் செல்லவில்லை. ஜூலை 3-ஆம் தேதி கோனிக்ராட்ஸ் களத்தில் அவர் சேனை வந்து சேர்ந்ததே வெற்றியை முடிவு செய்தது. வென்றபின் தோற்ற நாட்டைச் சிறுமைப்படுத்த வேண்டாம் என்று பிஸ்மார்க் மன்னரை வேண்டியபோது, தம் பகையை மறந்து அவர் பக்கம் நின்று தந்தையை இணங்கச் செய்தவரும் இவரே. மாறுபட்ட கருத்துடையாரும் ஒரு நன்மைக்காக ஒன்றுபடல் கூடும் என்பதை இது காட்டும். அவ்வொற்றுமை அவருடைய நோய்க்கட்டிலைச் சுற்றி நின்றாரிடத்தில் இல்லாமற் போனதே நாம் சொல்லப்போகும் துயரம்.

1870-இல் பிரான்ஸுடன் நிகழ்ந்த போரில் வைசன்பர்க், வோர்த் என்னும் களங்களில் அவர் வென்றார். பாரிஸ் நகரை முற்றுகையிட்டபோது, பெண்டிரும் பிள்ளைகளும் வாழும் நகரத்தின்மீது குண்டு பொழிவதை அவர் எதிர்த்தார். 1871-ஆம் ஆண்டு ஜனவரி 18-ஆம் தேதி ஜர்மனிய சக்கரவர்த்திப் பட்டம் தந்தையாருக்குச் சூட்டப்பெற்றது. அப்போது மகனுக்கு வயது 39. பட்டத்துக்குரியவர் பின்னும் பதினேழு ஆண்டு காத்திருக்க நேர்ந்தது. இதற்கிடையே 1879-இல் பதினொரு வயது மகன் வால்டிமார் தொண்டை அடைப்பானால் மாண்டான்.

குரல் கம்மியது

1887-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் இளவரசரின் குரல் கம்மத் தொடங்கிற்று. நெடிய உருவமும் கம்பீரக் குரலும் உடையவர். புகைபிடிக்கும் வழக்கமும் உடையவர். குடும்ப வைத்தியராக விளங்கிய வெக்னர் அதனைக் குளிரால் வந்த சளி என்று கருதி, அதற்குரிய மருந்தைக் கொடுத்துவந்தார். இதனை நாம் பெரும் குற்றமாகக் கூறல் ஆகாது. குரல் கம்மிய நூறு பேரில் மிகப் பெரும்பாலார்க்குக் காரணம் சளியே. எனினும் வாரங்கள் கழிந்தும் குரல் திரும்பவில்லை. நிபுணரை அழைக்கவேண்டிய வேளை எது என்று அறிவதே குடும்ப வைத்தியரின் அரிய கலை. மார்ச்சு மாதத் தொடக்கத்தில் வெக்னர் அவ்வாறே செய்தார்.

அழைக்கப்பட்டவர் பெர்லின் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கெர்ஹார்ட். தொண்டையின் உட்புறத்தைச் சிறு கண்ணாடியின் துணையால் காணும் முறை அக்காலத்திற்குப் புதிது. லண்டனில் வாழ்ந்த ஸ்பானிய இசையாசிரியர் மானுவேல் கார்சியா என்பார், பாடும்போது குரல் எங்ஙனம் எழுகிறது என்று அறியும் ஆவலால், 1854-இல் கண்ணாடி கொண்டு தம் குரல்வளையைத் தாமே கண்டார். இசைக்காகப் பிறந்த அக்கருவி மருத்துவத்திற்குப் பயன்படலாயிற்று. அதனைக் கொண்டு கெர்ஹார்ட் பார்த்தபோது, இடப்பக்கத்துக் குரல் நாணின்மேல் சிறு வளர்ச்சி ஒன்று காணப்பட்டது. அதனைக் கம்பிச் சுருக்கால் அகற்ற முயன்றார், இயலவில்லை. பின்னர் மின்சாரத்தால் பழுக்கக் காய்ந்த கம்பியைக் கொண்டு பலநாள் தொடர்ந்து சுட்டார். வளர்ச்சி மறைந்தது போலத் தோன்றிற்று. இளவரசர் எம்ஸ் நகரத்து ஊற்று நீர் பருகி இளைப்பாறச் சென்றார்.

மே மாதத்தில் அவர் திரும்பியபோது வளர்ச்சியும் திரும்பியிருந்தது. அன்றியும் அந்த நாண் முன்போல் அசையாது மந்தமாயிருப்பதைக் கெர்ஹார்ட் கண்டார். மேற்பரப்பில் தோன்றும் எளிய கட்டி நாணின் அசைவைத் தடுப்பதில்லை. உள்ளே வேரோடும் நோயே அதனைத் தடுக்கும். ஆதலின் இது புற்றுநோயே என்று அவர் ஐயுற்றார். ரணசிகிச்சையில் பெயர்பெற்ற பெர்க்மான் அழைக்கப்பட்டார். கட்டுத்துணிகளை நீராவியால் தூய்மை செய்யும் முறையை வழக்கத்திற் கொணர்ந்தவர்களுள் அவர் ஒருவர். அவரும் புற்று என்றே கருதினார். வெளியிலிருந்து குரல்வளையைப் பிளந்து நோயை அகற்றுவதென முடிவாயிற்று. மே 21-ஆம் தேதி குறிக்கப்பட்டது.

இங்கே ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. நோயாளியிடம் உண்மை முழுவதையும் சொல்லாமலே கத்தியை எடுக்க வைத்தியர்கள் முனைந்தனர் என்றும், தாம் தலையிட்டு மன்னரிடம் கூற, மகனின் சம்மதமின்றி எதுவும் செய்யலாகாது என்று மன்னர் தடுத்தனர் என்றும் பிஸ்மார்க் தம் நினைவுக் குறிப்பில் எழுதியுள்ளார். நாட்டின் கடுமையான மந்திரி ஒருவரே நோயாளியின் உரிமையை நினைவூட்ட வேண்டியிருந்தது வியப்பிற்குரியது.

லண்டன் வைத்தியர்

இத்துணைப் பெரிய சிகிச்சைக்கு முன் வேறொரு தொண்டை நிபுணரின் கருத்தையும் அறிதல் நன்று என்று வைத்தியர்கள் எண்ணினர். லண்டன் நகரத்து மொரெல் மெக்கன்ஸியின் பெயர் எழுந்தது. 1863-இல் தொண்டை நோய்க்கென்றே ஒரு மருத்துவமனை நிறுவியவர் அவர். அவருடைய நூல் ஜர்மனியிலும் மதிக்கப்பெற்றது. அவரை வரவழைத்தவர் ஆங்கிலேயப் பெண்ணாகிய இளவரசியே என்று ஜர்மனிய மக்கள் பின்னாளில் தூற்றினர். உண்மையில் அவர் பெயரை முன்மொழிந்தவர்கள் ஜர்மனிய வைத்தியர்களே. பழி மட்டும் மனைவியின் தலைமேல் விழுந்தது.

மெக்கன்ஸி மே 20-ஆம் தேதி பெர்லினை அடைந்தார். தொண்டையைப் பார்த்தார், புற்று என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றார். வளர்ச்சியின் ஒரு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியால் ஆராயாமல் கத்தி வைத்தல் தகாது என்பது அவர் வாதம். துணுக்கு எடுக்கப்பட்டது. அதனை ஆராய்ந்தவர் உலகப் புகழ்பெற்ற ருடால்ப் வீர்க்கோ. உயிரணுவே நோய்க்கு நிலைக்களன் என்று நிறுவிய அப்பேரறிஞர் துணுக்கிலே புற்றைக் காணவில்லை. இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் துணுக்குகள் அனுப்பப்பட்டன; தோல் தடித்ததற்குரிய குறியே அன்றிப் புற்றின் குறி புலப்படவில்லை. சத்திரசிகிச்சை கைவிடப்பட்டது.

நாம் நின்று நோக்கவேண்டிய இடம் இதுவே. வீர்க்கோ தம் கைக்கு வந்த துணுக்கைப் பற்றி மட்டுமே கூறினார்; எடுக்கப்படாத மற்றப் பகுதியைப் பற்றித் தாம் முடிவு கூற இயலாது என்பதையும் கவனமாகவே எழுதினார். அவ்வெச்சரிக்கை, கை மாறும்போது தேய்ந்தது. இத்துணுக்கில் புற்று இல்லை என்ற சொல், இளவரசருக்குப் புற்று இல்லை என்று நாட்டிலே பரவிற்று. கெர்ஹார்ட் கண்ட நாணின் மந்தமோ அவருடைய குறிப்போடு நின்றுவிட்டது. தொண்டையை நேரிற் கண்டவர் சொல்லும், துணுக்கை நுண்ணோக்கியிற் கண்டவர் சொல்லும் ஒருங்கே வைத்து நிறுக்கப்படவில்லை. அதற்கு மாறாக, மெக்கன்ஸி துணுக்கு எடுக்கையில் நலமாயிருந்த வலப்பக்கத்து நாணைக் காயப்படுத்தினார் என்று கெர்ஹார்ட் குற்றஞ்சாட்ட, அவர் அதனை மறுக்க, வைத்திய ஆலோசனை வழக்காடு மன்றமாயிற்று. குடும்ப வைத்தியராகிய வெக்னர், எல்லார் சொல்லையும் கேட்டவர். எவர் சொல்லையும் இணைக்கும் அதிகாரம் இல்லாதவர்.

மெக்கன்ஸிக்கும் நாம் நியாயம் செய்தல் வேண்டும். அக்காலத்தில் குரல்வளையைப் பிளந்து சிகிச்சை செய்யப்பெற்றவர்களுள் புற்று மீண்டும் தோன்றாதவர் மிகச் சிலரே. கத்தியாலேயே இறந்தவரும் உண்டு. வியன்னாவில் பில்ரோத் புற்றுநோய்க்காகக் குரல்வளை முழுவதையும் முதன்முதல் அகற்றியது 1873-ஆம் ஆண்டின் இறுதி நாளில்தான். உறுதியான சான்றின்றி ஒருவரை ஊமையாக்கவோ உயிரிழக்கச் செய்யவோ தயங்குதல் குற்றமன்று. தயக்கத்தை உறுதியாக மாற்றி, குணமாகும் என்று நம்பிக்கையூட்டியதே அவருடைய பிழை.

சான் ரேமோ

அவ்வாண்டு ஜூன் 21-ஆம் தேதி விக்டோரியா மகாராணியாரின் ஐம்பதாண்டு விழா லண்டனில் நடந்தது. வெண்ணிறக் கவச உடையில் குதிரைமேல் வந்த இளவரசரைக் கண்டு மக்கள் மகிழ்ந்தனர். அவருடைய குரலை எவரும் கேட்டிலர். வெக்னரும், கெர்ஹார்ட்டின் உதவியாளரான லாண்ட்கிராபும் உடன் சென்றிருந்தனர். குரல்வளையைப் பார்க்கத் தம்மவருக்குப் போதிய வாய்ப்பு அளிக்கப்படவில்லை என்று ஜர்மனிய வைத்தியர்கள் பின்னாளிற் குறை கூறினர். செப்டம்பரில் மெக்கன்ஸிக்கு வீரர் பட்டம் வழங்கப்பட்டது. நோயாளியோ ஸ்காத்லாந்து, தைரோல், வெனிஸ் என்று இதமான காற்றைத் தேடி இடம் மாறிக்கொண்டேயிருந்தார். ஒவ்வோரிடத்திலும் காற்று மாறிற்று, நோய் மாறவில்லை.

நவம்பர் தொடக்கத்தில் இத்தாலியக் கடற்கரையிலுள்ள சான் ரேமோ என்னும் ஊரில் அவர் தங்கினார். அங்கே மெக்கன்ஸி பார்த்தபோது, முன்னிருந்த இடத்திற்குக் கீழே புதியதொரு வளர்ச்சி தோன்றியிருந்தது. இது புற்றோ என்று இளவரசர் நேராகவே கேட்டார். அவ்வாறே தோன்றுகிறது, உறுதியாகச் சொல்ல இயலாது என்ற கருத்தில் வைத்தியர் விடை கூறினார். இளவரசர் கலங்கினாரல்லர், உண்மையைச் சொன்னதற்காக நன்றி கூறினார். வியன்னாவிலிருந்து ஷ்ரோட்டர், பெர்லினிலிருந்து கிரவுஸ, பிராங்பர்ட்டிலிருந்து ஷ்மிட் ஆகியோர் வந்தனர். குரல்வளை முழுவதையும் நீக்குதல், அல்லது மூச்சுத் திணறும்போது கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்தல் என்னும் இரு வழிகள் அவர் முன் வைக்கப்பட்டன. முதலாவதை மறுத்து, இரண்டாவதற்கு உடன்பட்டு அவர் தம் கையாலேயே எழுதிக் கொடுத்தார். நோயின் உண்மைப் பெயர் சொல்லப்பட்டு, வழிகள் விளக்கப்பட்டு, முடிவு அவரிடமே விடப்பட்டது இதுவே முதன்முறை. பத்து மாதம் கழித்துக் கிடைத்த இம்மரியாதை முதல் வாரத்திலேயே கிடைத்திருத்தல் வேண்டும்.

1888-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் தேதி மூச்சு முட்டிற்று. பெர்க்மானின் உதவியாளராகிய பிராமான் கழுத்தில் துளையிட்டு வெள்ளிக் குழாய் பொருத்தினார். அன்று முதல் இளவரசருக்குக் குரல் இல்லை. காகிதமும் எழுதுகோலுமே அவர் நாவாயின.

அரியணை

சரியாக ஒரு மாதம் கழித்து, மார்ச்சு 9-ஆம் தேதி, தந்தையார் வில்லியம் தொண்ணூற்றொன்றாம் வயதை எட்டும் நிலையில் இறந்தார். இருபத்தைந்து ஆண்டுகள் காத்திருந்த அரியணை பேச்சிழந்த மனிதருக்குக் கிட்டிற்று. புதிய சக்கரவர்த்தி ரயிலேறிக் கடுங்குளிரில் பெர்லினுக்குத் திரும்பிச் சார்லட்டன்பர்க் அரண்மனையில் தங்கினார். தந்தையின் இறுதி ஊர்வலத்தில் நடந்து செல்லும் வலிமை அவருக்கில்லை. பிரேத வண்டி கடந்து சென்றதை ஜன்னலின் அருகே நின்று கண்ணீருடன் நோக்கினார்.

அரசாங்கக் காகிதங்களை அவர் விடாமற் பார்த்துவந்தார். ஏப்ரலில் மாமியார் விக்டோரியா மகாராணியார் வந்து கண்டு சென்றார். மே 24-ஆம் தேதி இரண்டாம் மகன் ஹென்றியின் திருமணத்தில் இராணுவ உடையுடன் எழுந்து நின்றார். நின்றதே ஒரு போர்வெற்றி எனலாம். பழைமையை விடாப்பிடியாகப் பற்றிய உள்நாட்டு மந்திரி புட்காமரை ஜூன் 8-ஆம் தேதி பதவியிலிருந்து நீக்கினார். அவர் கொள்கையில் செயலாக மலர்ந்தது ஏறக்குறைய இவ்வொன்றே.

நோய்க்கட்டிலின் அருகேயோ சண்டை ஓயவில்லை. ஏப்ரல் 12-ஆம் தேதி குழாய் சரியாகப் பொருந்தாமல் மூச்சு அடைத்தபோது பெர்க்மான் வரவழைக்கப்பட்டார். அவர் வேறு குழாயைச் செலுத்துகையில் இரத்தம் பெருகிற்று. தவறான வழியிற் செலுத்திப் புண்ணாக்கினார் என்று மெக்கன்ஸி கூறினார். உயிரைக் காத்தேன் என்று பெர்க்மான் கூறினார். அம்மாத இறுதியில் பெர்க்மான் விலகிச் சென்றார். ஜர்மனியப் பத்திரிகைகள் மெக்கன்ஸியைத் தூற்றின; ஆங்கிலப் பத்திரிகைகள் ஜர்மனியரைத் தூற்றின. ஒரு மனிதனின் தொண்டை இரு நாடுகளின் மானப் பிரச்சினையாயிற்று. நடுவே கிடந்தவர் எவரையும் நோவாமல், யாவருக்கும் நன்றி எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மறைவும் வழக்கும்

ஜூன் 15-ஆம் தேதி, தாம் பிறந்த அதே பாட்ஸ்டம் அரண்மனையில், ஐம்பத்தாறாம் வயதில் மூன்றாம் பிரெடரிக் உயிர் நீத்தார். அவர் ஆண்ட நாட்கள் 99. அன்றே புதிய சக்கரவர்த்தியாகிய மகன் அரண்மனையைப் போர்வீரர்களால் சூழச் செய்தார். மறுநாள் உடலைச் சோதித்தபோது குரல்வளையைப் புற்று அழித்திருந்தது தெளிவாயிற்று.

துக்கம் தணியுமுன்னே வைத்தியர்கள் அச்சுக்கூடத்தை நாடினர். ஜூலையில் ஜர்மனிய வைத்தியர்களின் அறிக்கை வெளிவந்தது. அக்டோபரில் மெக்கன்ஸி தம் நூலால் விடையிறுத்தார். நோயாளியின் அந்தரங்கங்கள் சந்தைக்கு வந்தன. 1889-இல் இங்கிலாந்தின் ரணவைத்தியக் கழகம் அதற்காக மெக்கன்ஸியைக் கண்டித்தது. அவர் 1892-இல் மறைந்தார். ஒருவரோடொருவர் நேரிற் பேசியிருக்க வேண்டியவற்றை அவர்கள் உலகத்தின் முன் எழுதினார்கள்; அப்போது கேட்கவேண்டியவர் உயிரோடில்லை.

பின்வந்த அறிவு இவ்வழக்கில் புதிய ஒளி வீசிற்று. 1948-இல் அமெரிக்க அறிஞர் ஆக்கர்மன், மருவைப் போல மேலே தடித்து, துணுக்கெடுத்துப் பார்த்தால் தீங்கற்றதுபோலத் தோன்றும் ஒருவகைப் புற்றை விளக்கினார். சக்கரவர்த்திக்கு வந்தது அவ்வகையே ஆகலாம் என்று பிற்கால ஆராய்ச்சியாளர் சிலர் கருதுவர். அங்ஙனமாயின் வீர்க்கோவின் கண்ணும் பிழைசெய்யவில்லை. கெர்ஹார்ட்டின் கண்ணும் பிழைசெய்யவில்லை. இருவர் கண்டதும் ஓர் உண்மையின் இரு பாதிகள். அவற்றை இணைக்கும் கை இல்லாமற் போயிற்று.

அவர் நெடுநாள் வாழ்ந்திருந்தால் ஜர்மனியின் பிற்காலக் கதி மாறியிருக்குமா என்று சரித்திர ஆசிரியர்கள் இன்னும் வாதிடுகின்றனர். அதற்கு விடை கூறல் எம்மால் இயலாது. மே மாதத்திலேயே கத்தி வைத்திருப்பின் பிழைத்திருப்பார் என்றும் உறுதி கூறுதற்கில்லை. ஒன்று மட்டும் கூறலாம்: ஒற்றுமையுள்ள வைத்தியர்கள் அவருடைய நாட்களை நீட்டாவிடினும் அமைதியுடையனவாகச் செய்திருப்பார்கள்.

மனைவி விக்டோரியா பதின்மூன்று ஆண்டுகள் விதவையாக வாழ்ந்தார். அவரையும் புற்றுநோயே பற்றிற்று. மார்பில் தோன்றி முதுகெலும்புவரை பரவிய அந்நோயின் வேதனையை நெடுநாள் பொறுத்து, 1901-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் தேதி அவர் காலமானார். பாட்ஸ்டம் நகரில் சமாதான ஆலயம் என்னும் பெயருடைய திருக்கோவிலை அடுத்து இருவரும் அருகருகே துயில்கின்றனர்.

நாம் கற்பது

இக்காலத்தில் பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளில் கத்தி வைப்போர், கதிர் வைப்போர், மருந்து கொடுப்போர், துணுக்கை ஆராய்வோர் யாவரும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து ஒரு நோயாளியைப் பற்றி ஒரு முடிவு காணும் வழக்கம் ஏற்பட்டுள்ளது. வலி தணிக்கும் வைத்தியர், உணவு கூறுவோர், மனத்துயர் ஆற்றுவோர் ஆகியோரையும் சில இடங்களிற் சேர்த்துக்கொள்கின்றனர். இது பெரு நன்மை. ஆயினும் அம்மேசையில் குடும்ப வைத்தியருக்குப் பெரும்பாலும் நாற்காலி இல்லை. நோயாளி வீடு திரும்பிய இரவில் காய்ச்சல் கண்டால், முதலில் தட்டப்படும் கதவு அவருடையதே. நகரத்து நிபுணர் என்ன மருந்து கொடுத்தார் என்பதை அவர் அறியார். நோயாளி வீட்டில் சித்த மருந்தும் பச்சிலையும் உட்கொள்வதை நிபுணரும் அறியார். கேட்டால் கோபிப்பாரோ என்று நோயாளி இருவரிடமும் மறைக்கின்றார். ஒரு மருந்து மற்றொரு மருந்தின் வேலையைக் கெடுத்தல் கூடும் என்பதை மறைப்பவர் அறிவதில்லை.

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டுவதில்லை. நிபுணர் குடும்ப வைத்தியருக்கு எழுதும் ஒரு தெளிவான கடிதம், அதிலே கண்டது இது, காணாதது இது, ஐயம் இது என்று பிரித்துக் கூறும் நேர்மை, குடும்ப வைத்தியர் நோயாளியின் பழைய வரலாற்றை எழுதியனுப்பும் அக்கறை, உட்கொள்ளும் யாவற்றையும் கூசாமற் சொல்லும் துணிவு நோயாளிக்கு வருமாறு கேட்கும் இன்முகம், இவையே போதுமானவை. சக்கரவர்த்திக்குக் கிடைக்காத இந்நான்கையும் ஓர் ஏழைக் குடியானவருக்குக் கொடுத்தல் இன்று இயலும்.

நம் கல்லூரியை விட்டுப் பலர் மருத்துவம் கற்கச் செல்கின்றனர். ஆண்டவரின் திருத்தொண்டாக அதனை மேற்கொள்வாரும் அவர்களுள் உண்டு. நண்பர்களே, உங்களுள் சிலர் கெர்ஹார்ட்டின் கூர்மையையும், வேறு சிலர் பெர்க்மானின் கைத்திறனையும், மற்றும் சிலர் வீர்க்கோவின் நுண்ணறிவையும் பெறுவீர்களாக. பலர் சிற்றூர்களில் வெக்னரைப் போலக் குடும்ப வைத்தியராக அமர்வீர்கள். எங்கு அமர்ந்தாலும், அடுத்தவர் அறிந்ததைக் கேட்டறியும் பணிவும், தாம் அறியாததை ஒப்புக்கொள்ளும் உண்மையும் உங்களை விட்டு நீங்காதிருக்கட்டும். பேச்சிழந்து கிடந்த அந்த நல்ல மனிதரின் எழுதுகோலும் காகிதமும், பேசும் ஆற்றலுள்ள நம் யாவருக்கும் ஒரு கடமையை நினைவூட்டுகின்றன.